சிறு தோல் வேலைகளுக்கு ஏற்ப ஸ்பிளிற்றரைத் திருத்தியமைத்தல்: முழுமையான வழிகாட்டி

பணப்பை, கடிகாரப் பட்டி, சாவிக் கொத்து உறை, அட்டைப் பை போன்ற சிறு பொருட்களைக் கையால் செய்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். கடையில் கிடைக்கும் மாட்டுத்தோல் பெரும்பாலும் 2 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புடையது. பணப்பையின் உட்பகுதிக்கோ 0.8 முதல் 1 மில்லிமீற்றர் போதும். நான்கு அட்டைப் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் இடத்தில் 1.5 மில்லிமீற்றர் தோலைப் பயன்படுத்தினால் அந்த அடுக்கு மட்டும் 6 மில்லிமீற்றர் ஆகிவிடும், அதையே 0.8 மில்லிமீற்றருக்குப் பிளந்தால் 3.2 மில்லிமீற்றரில் முடிந்துவிடும். மடித்தால் மூடிக்கொள்ளும் பணப்பைக்கும் மூடாமல் விறைத்து நிற்கும் பணப்பைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

தோலைப் பிளக்கும் கைப்பொறியான ஸ்பிளிற்றர் இதற்காகவே உள்ளது. ஆனால் ஒஸ்போர்ன் 84 போன்ற பழைய வார்ப்பிரும்புப் பொறிகளும் அவற்றைப் பார்த்து மலிவாகச் செய்யப்படும் இன்றைய பொறிகளும் குதிரைச் சேணப் பட்டி, இடுப்புப் பட்டி முதலிய தடித்த வார்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. 4 மில்லிமீற்றர் வாரில் 0.2 மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் எவரும் கவனிக்க மாட்டார்கள், 0.8 மில்லிமீற்றர் தோலில் அது காற்பங்கு. ஆகவே சிறு வேலைக்காக இந்தப் பொறியைத் திருத்துவதென்பது அதன் வலுவைக் கூட்டுவதன்று, அதன் துல்லியத்தைக் கூட்டுவதாகும். திருத்தும் வரிசையும் முக்கியமானது: முதலில் அடித்தளம், அடுத்து வெட்டும் அலகு, அதன்பின் இடைவெளி, கடைசியில்தான் தடிப்பை அமைக்கும் அளவுத் திருகும் தோலை நேராகச் செலுத்தும் வழித்தடுப்பும். பலர் உருளையை மாற்றுவதில் தொடங்கிப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். அலகு மழுங்கியிருக்கும்வரை உருளையை மாற்றியதன் பயனை அறியவே முடியாது.

பொறியை அறிதலும் சோதித்தலும்

இழுத்துப் பிளக்கும் ஸ்பிளிற்றரில் அசையாத ஓர் அலகும் அதற்கு எதிரே சுழலும் ஓர் உருளையும் உள்ளன. தோல் இவ்விரண்டுக்கும் இடையே நுழைந்து இழுக்கப்படும்போது, உருளைக்கும் அலகின் கூருக்கும் இடையிலுள்ள இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தடிப்புள்ள படலம் நமக்கு மிஞ்சுகிறது. எஞ்சியது அலகின் மறுபுறமாகக் கழிவாகப் போகிறது. உருளை மேலே அமைந்த பொறியானாலும் கீழே அமைந்த பொறியானாலும் விதி ஒன்றே: தோலின் மினுக்கமான மேற்புறம் உருளையைத் தொட வேண்டும், சொரசொரப்பான உட்புறம் அலகின் கழிவுப் பக்கத்தை நோக்க வேண்டும். இந்த அமைப்பில் தோலின் இயற்கையான மேடுபள்ளங்கள் யாவும் கழிவுக்கே போய்விடும் என்பதால், மிஞ்சும் படலத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் பொறியின் குறையே.

ஆகவே ஓர் ஆணியையும் கழற்றுவதற்கு முன் சோதனைத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தோலிலிருந்து 25 மில்லிமீற்றர் அகலமான மூன்று நாடாக்களை வெட்டி, ஒன்றை அலகின் இடப்பக்க ஓரமாகவும் ஒன்றை நடுவிலும் ஒன்றை வலப்பக்க ஓரமாகவும் இழுத்து, தடிப்பை அளக்கும் டயல் கேஜினால் ஒவ்வொன்றையும் பல இடங்களில் அளந்து அந்த நாடாவிலேயே பேனாவால் எழுதுங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் உருளையோ அலகோ சாய்ந்துள்ளது. இரு ஓரமும் ஒத்திருக்க நடு மட்டும் தடித்திருந்தால் இழுக்கும்போது அலகு வளைகிறது. நாடாவின் நீளவாட்டில் அலை அலையாகத் தடிப்பு மாறினால் உருளையின் அச்சு அதன் துளையில் ஆடுகிறது, அல்லது உருளை முழு வட்டமாக இல்லை. அலைகளுக்கு இடையிலான தூரம் உருளையின் சுற்றளவுக்குச் சமமாக இருந்தால் இரண்டாவதே காரணம். இந்த மூன்று நாடாக்களையும் பாதுகாத்து வைத்தால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னரும் எடுக்கும் புதிய நாடாக்களோடு ஒப்பிடலாம்.

அடித்தளம்

இழுவிசை உங்களை நோக்கியும் மேசைக்குச் சற்று உயரத்திலும் செயற்படுவதால், பொறி எப்போதும் இழுப்பவரை நோக்கிக் கவிழவே முயலும். அதனால் அடிப்பலகை பொறிக்குப் பின்னால் நீள்வதைவிட முன்னால், அதாவது இழுப்பவரின் பக்கமாக நீண்டிருக்க வேண்டும். 40 மில்லிமீற்றர் தடிப்புள்ள முதிரை அல்லது பாலை மரத்துண்டு இதற்கு மிகச் சிறந்தது. பழைய கதவுநிலைகளை உடைத்து விற்குமிடங்களில் இத்தகைய துண்டுகளைத் தேடிப் பாருங்கள். பொறியை மர ஆணியால் பூட்டாமல், பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட்களால், அடியில் அகன்ற வொஷர் வைத்து இறுக்குங்கள். பலகையை மேசையோடு இரண்டு ஜி கிளாம்புகளால் பிணைத்தால் வேலை முடிந்ததும் கழற்றி வைக்கலாம். அலகின் உயரம் நின்றபடி இழுப்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே அமைந்தால், கையின் வலிமையைவிட உடலின் பாரமே இழுவையைத் தரும்.

அலகு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள். புதிய பொறியோடு வரும் அலகு வெட்டக்கூடியதேயன்றிப் பிளக்கக்கூடியதன்று. மழுங்கிய அலகு தோலை அறுப்பதற்கு முன் தள்ளிச் சுருக்குகிறது; சுருங்கிய தோல் இடைவெளிக்குள் அழுந்தி நுழைகிறது; வெளியே வந்ததும் விரிந்து, குறித்த அளவைவிடத் தடித்து நிற்கிறது. இதைப் பார்த்து அளவுத் திருகைக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

அலகைக் கழற்றும் முன், மேலே நோக்கும் முகத்தையும் இடது முனையையும் மார்க்கர் பேனாவால் குறியுங்கள். தலைகீழாகப் பூட்டினால் கூரின் உயரம் மாறி, இடைவெளிக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். கழற்றிய உடனேயே நீளவாட்டில் பிளந்த தோட்டக் குழாய்த் துண்டொன்றைக் கூரின்மேல் மாட்டிவிடுங்கள். தீட்டாத அலகும் விரலை எலும்புவரை வெட்டும்.

முதலில் சரிவில்லாத தட்டை முகத்தைச் சமன்செய்ய வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டொன்றில் 400 ஆம் இலக்க வோட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நீர் தெளித்து ஒட்டி, தட்டை முகத்தின் கூரோரப் பகுதியை அழுத்தித் தேயுங்கள். முகம் முழுவதும் பளபளக்க வேண்டியதில்லை. கூரை ஒட்டிய 10 மில்லிமீற்றர் அகலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இடைவெளியின்றி ஒரே நிறமாகத் தெரிந்தால் போதும். அதன்பின் 800, 1500, 2000 என்று ஏறிச் செல்லுங்கள். எல்லோரும் சரிவையே தீட்டுகிறார்கள். ஆயினும் கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு, அவற்றில் ஒன்று கீறலாக இருந்தால் கூரும் கீறலாகவே இருக்கும்.

சரிவின் கோணத்தை அறியக் கோணமானி தேவையில்லை. அலகின் தடிப்பையும் சரிவின் அகலத்தையும் அளந்தால் போதும். 4 மில்லிமீற்றர் தடித்த அலகில் சரிவு 11.7 மில்லிமீற்றர் அகலமாகவும், 3 மில்லிமீற்றர் அலகில் ஏறத்தாழ 8.8 மில்லிமீற்றராகவும் இருந்தால் கோணம் 20 பாகை. சரிவு இதைவிடக் குறுகியதாக இருந்தால் கோணம் பெரியது என்று பொருள். தடித்த வாருக்கு அது போதும், மெல்லிய தோலுக்குப் போதாது. 20 பாகையை நான் பரிந்துரைக்கிறேன். அதற்கும் கீழே போனால் கூர் விரைவில் மடங்கும், குறிப்பாக எருமைத்தோலின் தடித்த நார்களில்.

கோணத்தை மாற்ற நிறைய உலோகத்தை நீக்க வேண்டியிருந்தால் லேத் பட்டறையில் நீர் பாயும் சாணையில் பிடிக்கச் சொல்லுங்கள். உலர் கிரைண்டரில் பிடித்து எங்காவது நீல நிறம் ஓடிவிட்டால் அவ்விடத்தில் எஃகின் கடினம் குறைந்துவிட்டது. அந்த நிறத்தைத் தேய்த்து மறைத்தாலும் கடினம் திரும்பாது. சிறிய மாற்றத்தை வீட்டிலேயே செய்யலாம். 20 பாகையில் ஆப்பு வடிவில் மரக்கட்டை ஒன்றை அறுத்து, அதன் சாய்ந்த முகத்தில் அலகைச் சரிவு கீழே வரும்படி இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டி, ஆப்பின் மெல்லிய முனைக்கு அப்பால் கூர் நீண்டு கண்ணாடியைத் தொடும்படி அமையுங்கள். கட்டையின் அடி வெறுங்கண்ணாடியில் வழுக்கும், சரிவு மட்டும் வோட்டர் பேப்பரில் உராயும். தட்டை முகத்தில் கூரின் நெடுகிலும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்துக்கு ஏறக் கூடாது. 2000 முடிந்தபின் கட்டையின் பின்புறத்தின் கீழ் மெல்லிய அட்டை ஒன்றை வைத்து, ஓரிரு பாகை உயர்ந்த கோணத்தில் சில தேய்ப்புகள் கொடுத்தால், கண்ணுக்கு மெல்லிய வெள்ளிக் கோடாகத் தெரியும் ஒரு நுண்சரிவு உண்டாகும்; கூர் நெடுநாள் நிற்பது இதனால்தான்.

இறுதியாக, சமதளப் பலகையில் ஒட்டிய தோல் பட்டையில் பச்சை நிறக் குரோமியம் ஒட்சைட்டுப் பசையைப் பூசி, இரு முகங்களையும் மாறி மாறி, கூர் பின்னே வர இழுத்துத் தீட்டுங்கள். சோதனைக்குத் தாளை வெட்டிப் பார்ப்பது போதாது. 2 மில்லிமீற்றர் தோல் துண்டொன்றின் உட்புறத்தைக் கையில் பிடித்த அலகினால் மெதுவாகச் சீவுங்கள். தூளாகப் பொடியாமல் நீண்ட மெல்லிய நாடாவாக எழுந்து வந்தால் அலகு ஆயத்தம்.

இடைவெளி

அலகின் கூர் உருளையின் எந்த இடத்துக்கு நேரே நிற்கிறது என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. உருளை வட்டமானது, ஆகவே கூர் அதன் உச்சிக்கோட்டுக்கு நேரே இருக்கும்போதே இடைவெளி மிகக் குறுகியது. கூர் உச்சிக்கோட்டிலிருந்து விலகினால் இடைவெளி கூடும், அதுவும் விலகலின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையில் 1 மில்லிமீற்றர் விலகலுக்கு 0.05 மில்லிமீற்றரும், 2 மில்லிமீற்றர் விலகலுக்கு 0.2 மில்லிமீற்றரும் கூடுகிறது. இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது: உருளை முழுமையாக இணையாக இருந்தும், அலகின் ஒரு முனை உச்சிக்கோட்டிலும் மறுமுனை 2 மில்லிமீற்றர் தள்ளியும் பூட்டப்பட்டிருந்தால், தோல் ஒரு பக்கம் 0.2 மில்லிமீற்றர் தடித்தே வெளிவரும். எனவே உருளையின் உயரத்தைத் தொடுவதற்கு முன் அலகை நேராக்குங்கள். பொறியின் சட்டத்திலுள்ள ஓர் இயந்திரமுகத்திலிருந்து அலகின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை வேர்னியர் அளவுகருவியால் அளந்து, சமமானதும் போல்ட்களை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

உருளையைச் சமன்செய்ய ஃபீலர் கேஜ் வேண்டும். மோட்டார் சைக்கிள் திருத்துபவர்கள் தப்பட், அதாவது வால்வு இடைவெளி, வைப்பதற்குப் பயன்படுத்தும், பல தடிப்புகளிலான அதே தகட்டுக் கொத்துத்தான். 0.50 தகட்டை இடது முனையில் வைத்து, அது மெல்லிய உராய்வோடு நகரும்வரை உருளையை உயர்த்தி, பின்னர் அதே தகட்டை வலது முனையில் முயலுங்கள். அங்கே 0.60 நுழைந்தால் வலப்பக்க அச்சுத்தாங்கியை 0.1 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். மென்பான அலுமினியத் தகரத்தின் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்புடையதால், அதிலிருந்து வெட்டிய துண்டு தாங்கியின் கீழ் வைக்கச் சிறந்த அடைதகடாகும். தகடு கூரில் உரசிக் கூரைக் கெடுக்காதபடி, பக்கவாட்டில் தள்ளாமல் நேராகச் செருகி நேராகவே இழுங்கள்.

அச்சு துளையில் ஆடினால் அடைதகடு உதவாது. லேத் பட்டறையில் துளைக்குள் வெண்கலப் புஷ் (உள்வளையம்) அடித்துக்கொள்வதே எளிய தீர்வு. 608 பெயரிங்கைப் பொருத்துவது இன்னும் சிறப்பு. அதன் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீற்றர், விலையும் குறைவு. ஆனால் தாங்கியின் அகலம் 30 மில்லிமீற்றருக்குக் குறைந்த மலிவான வார்ப்புகளில் 22 மில்லிமீற்றர் துளை போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். சுற்றிலும் எஞ்சும் சுவர் இறுக்கும்போதே வெடிக்கக்கூடும். பெயரிங் வாங்கினால் இரு பக்கமும் இறப்பர் மூடியுள்ளதையே வாங்குங்கள்.

உருளையையே மாற்ற நேர்ந்தால், திருகோணமலையில் வாழ்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. படகு இயந்திரங்களைத் திருத்தும் பட்டறைகளில் காற்றாடி அச்சின் துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகள் கழிவாகக் கிடக்கும். அவற்றில் ஒன்றைக் கடைந்து உருளையாக்கினால் கடற்காற்றைப் பற்றிய கவலை தீரும். வேறொரு நன்மையும் இருக்கிறது: மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரமாக இரும்பைத் தொட்டால், தோலிலுள்ள தனின் என்ற பதனிடு பொருளும் இரும்பும் சேர்ந்து நீலக்கறுப்புக் கறையை உண்டாக்கும். உருளை தொடுவது தோலின் அழகான பக்கத்தை என்பதால், அந்தக் கறை நேரே பணப்பையின் முகத்தில் விழும்.

நடுப்பகுதி தடிக்கும் குறை உங்கள் பொறியில் இருந்தால், 6 மில்லிமீற்றர் தடித்த இரும்புப் பட்டம் ஒன்றை அலகின் முழு நீளத்துக்கும் வெட்டி, தோலின் பாதைக்குக் குறுக்கே வராதபடி கூரிலிருந்து பின்வாங்கி, அலகோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

அளவுத் திருகும் வழித்தடுப்பும்

எம் 6 திருகின் பொதுவான புரியிடைத் தூரம் 1 மில்லிமீற்றர். ஆகவே உங்கள் பொறியின் அளவுத் திருகு எம் 6 ஆக இருந்து, உருளையை நேரடியாகத் தள்ளுவதாயின், ஒரு முழுச் சுற்று 1 மில்லிமீற்றருக்குச் சமம். திருகின் தலையில் 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் வட்டத்தைப் பொருத்தி அதன் விளிம்பை 20 பாகமாகப் பிரித்தால் ஒவ்வொரு பாகமும் 0.05 மில்லிமீற்றரைக் காட்டும். எம் 8 திருகில் புரியிடைத் தூரம் 1.25 என்பதால் 25 பாகமாகப் பிரித்தால் அதே கணக்கு வரும். புரிகளுக்கிடையே எப்போதும் சிறிது தளர்வு இருக்கும். இடைவெளியை எப்போதும் அகலத்திலிருந்து குறுகலை நோக்கியே அணுகுங்கள். அளவைத் தாண்டிவிட்டால் அரைச்சுற்றுப் பின்வாங்கி மீண்டும் வாருங்கள். அமைத்தபின் பூட்டு நட் ஒன்றை இறுக்குங்கள். இறுக்கும்போதே திருகு சிறிது நகரக்கூடும் என்பதால், இறுக்கியபின் ஒரு சோதனை நாடாவை இழுத்து அளப்பது கட்டாயம்.

கைப்பிடியால் உருளையை உயர்த்தித் தாழ்த்தும் வகைப் பொறியில் கைப்பிடி நின்றுகொள்ளும் இடத்தில் ஒரு தடைத்திருகைப் பொருத்தினால் ஒவ்வொரு முறையும் அதே அளவுக்குத் திரும்பலாம்.

வழித்தடுப்புக்குச் சமையலறையில் பயன்படும் வெள்ளைப் பிளாஸ்ரிக் வெட்டுப்பலகை மிகப் பொருத்தமானது. இரண்டு துண்டுகளை வெட்டி, நீள்துளையிட்டு, நுழைவுப் பக்கத்தில் தோலின் அகலத்துக்கு ஏற்ப நகர்த்தும்படி பூட்டுங்கள். அலகின் கூர் நுழைவுப் பக்கத்தையே நோக்குகிறது. ஆபத்து இழுக்கும் கைக்கன்று, ஊட்டும் கைக்கே. வழித்தடுப்பு இருந்தால் ஊட்டும் கையை அலகின் அருகே கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை. மாதத்துக்கு ஒருமுறை தடுப்பை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். கூர் ஒரே இடத்தில் தேயாது.

பிளக்கும் முறை

தோலை இடைவெளியில் செருகி உருளையை மூடிய பின்னரே வெட்டுத் தொடங்குவதால், பிடித்திழுக்கும் முனை பிளவுபடாமல் முழுத் தடிப்பில் எஞ்சும். ஆகையால் ஒவ்வொரு துண்டையும் தேவையைவிட 5 சென்றிமீற்றர் நீளமாக வெட்டுங்கள். சப்பாத்துத் தைப்பவர்களின் அகன்ற வாய்க் குறட்டால் பிடித்து, நிறுத்தாமல் ஒரே வேகத்தில் இழுங்கள். இடையில் நின்ற இடம் மேற்புறத்தில் குறுக்குக் கோடாகப் பதியும். இழுவிசை அகலத்தோடு கூடும். 150 மில்லிமீற்றர் அலகு இருப்பதால் 150 மில்லிமீற்றர் தோலைப் பிளக்கலாம் என்று எண்ண வேண்டாம். 2 மில்லிமீற்றரை 1 ஆக்கும் வேலையில் 60 முதல் 80 மில்லிமீற்றர் அகலமே கைக்கும் துல்லியத்துக்கும் ஏற்றது. பணப்பையின் பாகங்களுக்கு அது போதும்.

2.4 மில்லிமீற்றர் தோலை 0.9 ஆக்க வேண்டுமானால் 1.6, 1.1, 0.9 என்று இறங்குங்கள். கடைசி இழுவை மெல்லியதாக இருக்கும்போதுதான் பரப்பு ஒழுங்காக வரும். 0.6 மில்லிமீற்றருக்குக் கீழே கைப்பொறியில் போவதை நான் தவிர்க்கிறேன். அதைவிட மெலிய வேண்டிய மடிப்போரங்களைச் சீவுளியால் சீவுவதே நல்லது. தோலின் வலு பெரும்பாலும் மேற்படலத்தின் கீழுள்ள நாரடுக்கில் உள்ளது. நாம் கழிவாக எறிவது அந்த அடுக்கைத்தான். எனவே பாரம் தாங்கும் வார்களைப் பாதிக்குமேல் பிளக்காதீர்கள். கடிகாரப் பட்டியை மெலியச் செய்தால் உள்ளே ஒரு வலுவூட்டும் துணியை ஒட்டுங்கள். குரோம் பதனிட்ட மென்தோல் கூரின் முன் சுருண்டு நிற்கும். அதற்கு மிகக் கூரிய அலகும் மெல்லிய இழுவைகளும் தவிர வேறு வழியில்லை.

பருவமும் கணக்கில் வர வேண்டும். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் உலர்ந்து விறைத்து, பிளக்கும்போது நொறுங்கும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலாயின் உட்புறத்தில் ஈரத் துணியால் ஒற்றி, பொலித்தீன் பையில் ஓர் இரவு மூடி வைத்து, தோல் தன் வெளிர்நிறத்துக்கு ஏறத்தாழத் திரும்பிய நிலையில் பிளந்தால் எளிதாக வெட்டுப்படும். அளவுக்கு மீறி நனைத்தால் தோல் இழுபட்டு நீளும், உலர்ந்ததும் தடிப்பும் மாறும்.

மாரியில் நேர்மாறான சிக்கல். ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் டச்சுக் குடாவும் உள்ள திருகோணமலையில், தீட்டிய கூர் திறந்து கிடந்தால் மிக விரைவில் துருப்புள்ளி ஏறும். நுண்சரிவு அளவில் ஒரு புள்ளியும் தோலில் ஒரு நீளக் கோடாகும். ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் அலகை உலர்த்தித் தையல் இயந்திர எண்ணெயைத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் கெட்டுப்போகும் என்பதால் அது வேண்டாம். அலகைத் தோல் உறையில் வைப்பது அழகாகத் தோன்றினாலும், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். எண்ணெய்த் தாளில் சுற்றி வைப்பதே பாதுகாப்பு. மீண்டும் பூட்டும்போது எண்ணெயை முற்றாகத் துடைத்து, முதல் இழுவையைக் கழிவுத் துண்டிலேயே செய்யுங்கள். அந்தத் துண்டை அளந்து அளவுத் திருகின் வட்டத்திலுள்ள குறியோடு ஒத்துப்பார்த்த பின்னரே நல்ல தோலை எடுங்கள்.